சேர்ந்து வாழும் உரிமை யாருடையது?

தாய்லாந்தில் பிக்குகள் ஆசி வழங்கி, உறவினர்கள் கூடி எத்தனை விமரிசையாக நடந்தாலும், ‘அம்போ’ எனப்படும் வட்டார அலுவலகத்தில் பதிந்த பிறகுதான் திருமணம் செல்லுபடியாகும். ஆனால் அந்தப் பதிவு மட்டும் வெளிநாட்டுக் கணவனுக்கு அந்த நாட்டில் வாழும் உரிமையைத் தந்துவிடாது. தங்கும் அனுமதியை அவன் ஒவ்வோர் ஆண்டும் நீட்டித்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தாய்லாந்து வங்கிக் கணக்கில் 4,00,000 பாட் இரண்டு மாதமாகக் கிடப்பதையோ, மாதம் 40,000 பாட் வருமானம் வருவதையோ காட்ட வேண்டும். 90 நாளுக்கு ஒரு முறை முகவரியையும் தெரிவிக்க வேண்டும். இதை வெளிநாட்டவரின் சிக்கலாகவே எல்லோரும் பேசுகிறார்கள். விண்ணப்பத்தில் அவர் பெயர் இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. உண்மையில் குடியேற்ற அலுவலகத்தின் மேசையில் முடிவாவது ஒரு தாய்லாந்துக் குடிமகளின் வாழ்க்கையும்தான்: தன் நாட்டில், தன் வீட்டில், தான் தேர்ந்துகொண்டவரோடு அவள் வாழலாமா கூடாதா என்பது. உரிமை அவளுடையது என்று எடுத்துக்கொண்டால் இந்த விதிகளில் எது நியாயம், எது அநியாயம் என்பது வேறு விதமாகத் தெரியத் தொடங்கும்.

முதலில், அந்த நாடே திருமணத்தை எப்படிப் புரிந்துகொள்கிறது என்று பார்க்கலாம். அங்கே பெரும்பான்மையோர் பின்பற்றும் தேரவாத பௌத்தத்தில் திருமணம் ஒரு சடங்கால் புனிதமாவதில்லை. அது உலகியல் ஏற்பாடு. இருவரும் ஒருவருக்கொருவர் நடந்துகொள்ளும் முறையில்தான் அதன் உயிர் இருக்கிறது. சிகாலோவாத சூத்திரத்தில் புத்தர் கணவனுக்கு ஐந்து கடமைகளைச் சொல்கிறார். மனைவியை மதிப்பது, இழிவுபடுத்தாதிருப்பது, துரோகம் செய்யாதிருப்பது, இல்லத்தின் பொறுப்பை அவளிடம் விடுவது, அணிகலன் தருவது. கடைசிக் கடமையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் இவ்வளவு சொத்து இருந்தால்தான் இல்லறம் என்ற நிபந்தனை எங்கும் இல்லை. தாய்லாந்தின் சிவில் சட்டமும் இதே திசையில்தான் பேசுகிறது. அதன் 1461ஆம் பிரிவு தம்பதியர் சேர்ந்து வாழ வேண்டும், அவரவர் சக்திக்கும் நிலைக்கும் ஏற்ப ஒருவரையொருவர் தாங்க வேண்டும் என்கிறது. ‘அவரவர் சக்திக்கு ஏற்ப’ என்று ஒரு சட்டம் சொல்லும்போது, இன்னொரு விதி அந்தச் சக்திக்கு ஒரு தொகையை நிர்ணயிக்கிறது. சேர்ந்து வாழ்வதைக் கடமையாக்கிவிட்டு, அந்தக் கடமையைச் செய்யக் குறைந்தபட்ச இருப்பும் கேட்கிறது அரசு.

போலித் திருமணங்களைத் தடுக்க வேண்டாமா என்பது முதல் மறுப்பு. தடுக்கத்தான் வேண்டும். அதற்கான சோதனைகள் ஏற்கெனவே இருக்கின்றன. வீட்டு எண் தெரிய வாசலில் தம்பதியர் நிற்கும் படம், வீட்டுக்குள் எடுத்த படங்கள், பெரிய சாலையிலிருந்து வீட்டுக்கு வழிகாட்டும் வரைபடம், இவர்களை அறிந்த ஒருவரின் சாட்சியம் என்று எல்லாம் கேட்கிறார்கள். அதிகாரிகள் சில சமயம் நேரிலும் வந்து பார்க்கிறார்கள். பலருக்கு இது அந்தரங்கத்தில் தலையிடுவதாகப் படுகிறது. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. இந்தச் சோதனை கூச்சம் தருவதுதான்; ஆனாலும் இவர்கள் சேர்ந்து வாழ்கிறார்களா என்ற சரியான கேள்வியை அது கேட்கிறது. வங்கிப் புத்தகம் அந்தக் கேள்விக்குப் பதிலே ஆகாது. காசு கொடுத்துப் போலித் திருமணம் ஏற்பாடு செய்துகொள்ளக்கூடியவனால் கணக்கில் காசு போட்டு வைக்கவும் முடியும். அந்த நிபந்தனையில் சிக்குபவன் உண்மையாகக் குடும்பம் நடத்தும் ஏழைதான்.

அந்த ஏழை யார் என்பதையும் பார்க்க வேண்டும். இந்த விதியைப் பற்றிப் பேசும்போது ஓய்வூதியம் வாங்கும் ஐரோப்பியரே நினைவுக்கு வருகிறார். ஆனால் மியான்மர், லாவோஸ், கம்போடியா ஆகியவையும் தாய்லாந்தின் அண்டை நாடுகள்தான். 2025 தொடக்கத்தில் தாய்லாந்தின் குறைந்தபட்ச நாள் கூலி மாகாணத்துக்கு ஏற்ப 337 முதல் 400 பாட் வரை. மாதம் 26 நாள் உழைத்தாலும் 10,400 பாட்டைத் தாண்டாது. விதி கேட்பதோ ஏறக்குறைய அதன் நான்கு மடங்கு. அந்தக் கூலியில் இரண்டு தாய்லாந்துக்காரர்கள் குடும்பம் நடத்தினால் யாரும் கணக்குக் கேட்பதில்லை. கணவன் லாவோஸ்காரனாக இருந்துவிட்டால் மனைவியைக் காரணம் காட்டி அவன் தங்க முடியாது, தொழிலாளியாகத்தான் தங்கலாம். அவன் இருப்புக்கு ஆதாரம் மனைவி அல்ல, முதலாளி.

வந்தவர் அரசுக்குச் சுமையாகிவிடக் கூடாது என்பது இரண்டாவது மறுப்பு. இது வலுவானது, எந்த அரசும் இதைக் கேட்கலாம். ஆனால் தாய்லாந்தின் விதியே இந்தக் காரணத்தைக் கைவிட்டுவிடுகிறது. தாய்லாந்து ஆணை மணந்த வெளிநாட்டுப் பெண்ணிடம் இந்தப் பணத்தை அது கேட்பதில்லை. சுமைதான் கவலை என்றால் அந்தப் பெண்ணாலும் சுமை வரலாமே. எனவே விதியின் அடியில் இருப்பது, சம்பாதித்துப் போடுபவன் ஆண், பராமரிக்கப்படுபவள் பெண் என்ற பழைய நம்பிக்கைதான். அந்த நம்பிக்கையைத் தாய்லாந்து தன் திருமணச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது. 2025 ஜனவரி 23 அன்று நடைமுறைக்கு வந்த திருமணச் சமத்துவச் சட்டம், ஆணும் பெண்ணும் என்றிருந்த இடத்தில் இரு நபர்கள் என்றும், கணவன் மனைவி என்றிருந்த இடத்தில் துணைவர்கள் என்றும் எழுதியிருக்கிறது. அடித்தளத்தை மாற்றிய பிறகும் அதன்மேல் எழுப்பிய சுவர் அப்படியே நிற்கிறது.

யாரை உள்ளே விடுவது என்பது ஒரு நாட்டின் இறையாண்மை, இதில் அறநெறி பேச என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்டன் 2024 ஏப்ரலில் இத்தகைய வருமான வரம்பை ஆண்டுக்கு 29,000 பவுண்டாக உயர்த்தியதை அவர்கள் சுட்டிக்காட்டலாம். இன்னொருவர் அதிகம் கேட்கிறார் என்பதால் நாம் கேட்பது நியாயமாகிவிடாது. இறையாண்மை வாதத்துக்குத் தத்துவஞானி காந்தின் துணை கிடைக்கும்: 1795இல் வெளியான நிரந்தர அமைதி பற்றிய நூலில், அந்நியனுக்கு வந்து போகும் உரிமை உண்டே தவிர நிலையாகத் தங்கும் உரிமை இல்லை என்று அவர் வாதிட்டார். ஆனால் அது தானாக வந்து கதவைத் தட்டுபவனைப் பற்றியது. இங்கே கதவைத் திறந்து அழைத்தவள் அந்த வீட்டின் உரிமையாளர்களில் ஒருத்தி. குடியேற்ற அறநெறி பற்றி எழுதிய ஜோசப் கேரன்ஸ் குடும்பம் ஒன்றுசேர்வதை இப்படித்தான் பார்க்கிறார். வெளியே நிற்பவரைவிட உள்ளே இருப்பவரின் கோரிக்கையே அதில் முதன்மையானது என்கிறார். இறையாண்மை என்பதே குடிமக்களுடையது என்றால், அவர்களுடைய குடும்பத்துக்கு எதிராகவே அதைத் திருப்புவதற்கு மிகப் பெரிய காரணம் வேண்டும்.

இந்தப் பார்வையின் கடினமான விளிம்பு, மனைவி இறந்த பிறகு வருகிறது. உரிமை அவளுடையது என்றால் அவளோடு அதுவும் முடிந்துவிட்டதா? இன்றைய விதி அப்படித்தான் கொள்கிறது. அடுத்த ஆண்டு திருமணத்தைக் காரணம் காட்டி நீட்டிப்புக் கேட்க முடியாது. 50 வயதைக் கடந்திருந்தால் ஓய்வுக்கால அனுமதிக்குப் போகலாம். அதற்கு, சேமிப்பைக் காட்டுவதானால், 8,00,000 பாட் வேண்டும். என் வாதம் இங்கே இன்னும் ஓரடி போக வேண்டியிருக்கிறது. அவள் தேர்ந்துகொண்டது ஓராண்டுத் துணையை அல்ல. இருபது ஆண்டு ஒரே ஊரில் அவளோடு வாழ்ந்து, அவள் பெற்றோரை வைத்துப் பார்த்து, அவளுக்குக் கொள்ளி வைத்தவருக்கு அந்த ஊரோடு இருக்கும் உறவு இனி அவருக்கே சொந்தமானது. சேர்ந்து வாழ்ந்த ஆண்டுகள் கூடக்கூட அனுமதியின் காலமும் நீள வேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு துணை இறந்தாலும் அது செல்லுபடியாக வேண்டும். சேர்ந்து வாழ்ந்ததை மெய்ப்பிக்கப் புதிதாக எதுவும் தேவையில்லை. ஆண்டுதோறும் வாங்கி வைத்த படங்களும் சாட்சியங்களும் குடியேற்ற அலுவலகத்தின் கோப்புகளிலேயே இருக்கின்றன.