சாமிக்கு எத்தனை ஹெர்ட்ஸ்?

மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டத்துக் கோயில்களில் உறுமி மேளம் வேகம் பிடிக்கும்போது சிலருக்கு அருள் வருகிறது. இதற்கு இப்போது எதிரெதிர்த் தரப்பார் இருவர் ஒரே காரணம் சொல்கிறார்கள். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே, காதுக்கு எட்டாத குற்றொலி உடம்பை உலுக்குகிறதாம். பகுத்தறிவாளர், "அவ்வளவுதான் உங்கள் சாமி" என்கிறார். பக்தரோ, "முன்னோர் அன்றே அறிவியலைக் கோயிலுக்குள் வைத்துவிட்டார்கள்" என்று பூரித்துப்போகிறார். ஆத்தாளுக்கு அதிர்வெண்ணைச் சாட்சிக்கு அழைக்கும் இந்த இரண்டாமவர் மீதுதான் எனக்கு வருத்தம் அதிகம்.

குற்றொலி கட்டுக்கதை இல்லை. வலுவாக இருந்தால் அது காதிலும் மார்பிலும் அழுத்தமாக உணரப்படும். பிரிட்டனில் விக் டாண்டி என்ற பொறியாளர், தம் ஆய்வகத்தில் தோன்றிய 'பேய்'க்குப் புதிதாகப் பொருத்திய விசிறி எழுப்பிய சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வே காரணம் என்று 1998இல் எழுதினார். ஆனால் 2009இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், அறையில் குற்றொலி நிரப்பியபோதும் நிரப்பாதபோதும் விசித்திர அனுபவங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. எதையோ எதிர்பார்த்து வந்த மனமே அவற்றுக்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். தவிர, வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் உறுமியின் முனகல் காதுக்கு நன்றாகவே கேட்கிறது. அதிர்வே அருளைத் தருமென்றால் முதலில் ஆட வேண்டியவர், கருவியை இடுப்போடு அணைத்து நிற்கும் மேளக்காரர். அவரோ தாளம் பிசகாமல் வாசிக்கிறார். அதிர்வுக்கு இங்கே பஞ்சமும் இல்லை. 1917இல் தென்னமரம் தோட்டத்தில் செம்பனை வணிகப்பயிராக வேர்விட்டதிலிருந்து இந்த வட்டாரத்தில் செம்பனை எண்ணெய் ஆலைகளும் பெருகின. கொதிகலனும் பெரிய விசிறிகளும் இரவு பகலாக அடிக்குரலில் இரைகின்றன. ஆலை இரைச்சலில் யாருக்கும் அருள் வந்ததாகக் கேள்வியில்லை. காப்புக் கட்டி, விரதமிருந்து, நேர்ந்துகொண்டு வந்தவருக்குத்தான் பெரும்பாலும் வருகிறது.

அப்படியானால் அருள் வெறும் எதிர்பார்ப்பின் விளைவுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எதிர்பார்ப்பு, யாருக்கு வரும் என்பதை ஓரளவு விளக்கும். வந்தது எது என்பதை அது தொடுவதில்லை. உபவாசமிருப்பவருக்குப் பசி வயிற்றிலிருந்துதான் வருகிறது. அதனால் அவர் நோன்பு பொய்யாகிவிடாது. எதையும் நிரூபிக்காமல் நழுவுகிற வாதம் இது என்று பகுத்தறிவாளர் சொல்வார். தெய்வம் உண்டென்று இதை வைத்து நான் நிறுவ வரவில்லை. ஒலிமானியை வைத்து இல்லையென்றும் நிறுவ முடியாது என்கிறேன். தோட்டத்து மக்களும் நடுக்கத்தைக் கண்டதும் கும்பிட்டுவிடுகிறவர்கள் அல்லர். "வந்திருக்கிறது யாரு?" என்று பூசாரி அதட்டிக் கேட்கிறார். பதில் சரியில்லையென்றால் திருநீறு பூசி, தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிடுகிறார்கள். அப்போதும் மேளம் அதே அதிர்வில்தான் ஒலித்துக்கொண்டிருக்கிறது.