கெட்ட நாளுக்கான கதவு

ஒரு டேட்டா சென்டரில் ஆயிரக்கணக்கான சர்வர்கள் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றைப் பார்த்துக்கொள்கிறவர் பெரும்பாலும் அந்தக் கட்டடத்தின் வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார். வேறு ஊரில், சில சமயம் வேறு நாட்டில், லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பார். நெட்வொர்க் வழியாக உள்ளே போவார், வேலையை முடிப்பார், வெளியே வந்துவிடுவார். நல்ல நாட்களில் இதில் ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் அந்த நெட்வொர்க்கே விழுந்துவிட்டால்? எதைச் சரிசெய்யப் போகிறோமோ அதன் வழியாகத்தான் போயாக வேண்டும் என்றால் என்ன பண்ணுவது?

அதற்குத்தான் கன்சோல் சர்வர். பார்க்க ஒன்றும் பெரிதாக இருக்காது. ஒரு தட்டையான பெட்டி, அதில் வரிசையாகப் பதினாறோ நாற்பத்தெட்டோ போர்ட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கேபிள் ஏதாவதொரு ரௌட்டரின் அல்லது சர்வரின் கன்சோல் போர்ட்டுக்குப் போகும். பழைய காலத்து சீரியல் இணைப்பு. பெரும்பாலும் நொடிக்கு 9600 பிட் வேகம்தான். இன்றைய செல்போனில் எடுத்த ஒரு புகைப்படத்தை அதில் அனுப்பினால் ஒரு மணி நேரம்கூட ஆகும். ஆனால் மற்ற எல்லாம் செத்துக்கிடக்கும்போது அது மட்டும் பேசும். பெட்டியை வெளியிலிருந்து எட்டுவதற்குத் தனி வழி வைத்திருப்பார்கள்: சிம் போட்ட ஒரு மோடம், அல்லது வேறொரு நிறுவனத்தின் லைன். ஒரு காலத்தில் இப்படிப்பட்ட வழிகளில் டெல்நெட் ஓடியது. பாஸ்வேர்டு அப்படியே வெளிப்படையாகப் போகும், நடுவில் யாரும் படிக்கலாம். அப்படிப் பாஸ்வேர்டு திருடியவர்களால்தான் 1995இல் ஃபின்லாந்தில் டாட்டு இலோனென் எஸ்எஸ்எச் எழுதினார். இன்று இந்தக் கதவுக்குப் பூட்டு அதுதான்.

வீட்டுச் சாவி தொலைந்தால் இருக்கட்டும் என்று எதிர்வீட்டில் ஒன்று கொடுத்து வைப்போமே, கிட்டத்தட்ட அது மாதிரி. ஒரு வித்தியாசம் உண்டு. கன்சோலில் இருப்பவர் அந்த இயந்திரத்தின் முன்னாலேயே நிற்பவருக்குச் சமம். பூட் ஆவதை நடுவில் நிறுத்தலாம். பழைய பாஸ்வேர்டு தெரியாமலேயே புதியதைப் போடலாம். முன்வாசலில் இருக்கும் காவல் இந்தப் பக்கம் கிடையாது. அதனால் இது வெறும் தொழில்நுட்பக் கேள்வியாக நிற்பதில்லை. இவ்வளவு அதிகாரம் உள்ள கதவு ஒன்று இருக்கத்தான் வேண்டுமா? இருந்தால், சாவி யார் கையில்?

முதல் கேள்விக்குக் கனடாவில் ஒரு பதில் கிடைத்தது. 2022 ஜூலை 8 அன்று ரோஜர்ஸ் நிறுவனத்தின் நெட்வொர்க் விழுந்தது. ஒரு மேம்பாட்டு வேலையின்போது ரௌட்டரில் ஒரு வடிகட்டியை நீக்கினார்கள். வழித்தடத் தகவல் வெள்ளமாகப் புகுந்து மைய ரௌட்டர்களை மூழ்கடித்தது. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் ஒரு நாளுக்கு மேல் தவித்தார்கள். கடைகளில் டெபிட் கார்டு வேலை செய்யவில்லை. 911 அவசர எண்ணுக்குப் பலரால் பேச முடியவில்லை. தவறு நடப்பது சகஜம், அதை விடுங்கள். அதைச் சரிசெய்ய ஏன் அவ்வளவு நேரம் ஆனது? நிர்வாகத்துக்கான நெட்வொர்க்கும் அதே மைய நெட்வொர்க்கின் மேல்தான் நின்றது. பெரியது விழுந்தபோது அதுவும் சேர்ந்து விழுந்தது. எதிர்வீட்டில் கொடுக்க வேண்டிய சாவியை நம் வீட்டு அலமாரியிலேயே வைத்துப் பூட்டிய கதை. யாரோ ஒருவர் மூச்சுத் திணறி அவசர எண்ணை அழுத்தும் நேரத்தில், “அந்தக் கதவு ஆபத்தானது, அதனால் வைக்கவில்லை” என்று சொல்வது நியாயமாகாது. கதவு வேண்டும்.

சரி, சாவி? இதற்கு 2008இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அந்த நகர நிர்வாகத்தின் ஃபைபர்வேன் நெட்வொர்க்கைக் கட்டிப் பராமரித்தவர் டெர்ரி சைல்ட்ஸ். கெட்டிக்காரர். தன் வேலை மேல் அசாத்தியப் பிடிப்பு. காலப்போக்கில் அதன் நிர்வாகப் பாஸ்வேர்டுகள் அவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்தவையாக ஆயின. கன்சோல் வழியாகப் பாஸ்வேர்டை மீட்கும் வசதியையும் பல இடங்களில் முடக்கி வைத்திருந்தார். மேலதிகாரிகள் கேட்டபோது கொடுக்கவில்லை. ஒரு கூட்டத்தில் தவறான பாஸ்வேர்டுகளைச் சொன்னார். அந்த அறையில் பாஸ்வேர்டு தெரியக் கூடாதவர்கள் இருந்தார்கள், ஸ்பீக்கர் போனில் வேறு ஆட்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது அவர் தரப்பு. ஜூலையில் கைதானார். கடைசியில் சிறைக்கே வந்த மேயர் கேவின் நியூசமிடம் மட்டும் சொன்னார். 2010இல் நான்கு ஆண்டுத் தண்டனை கிடைத்தது.

இந்தக் கதையில் உறுத்தும் விஷயம் ஒன்று. அத்தனை நாளும் நெட்வொர்க் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அவர் எதையும் உடைக்கவில்லை. அவர் சொன்ன பாதுகாப்புக் காரணத்தில் உண்மையும் இருந்தது: பத்துப் பேர் இருக்கும் அறையில் பாஸ்வேர்டைச் சொல்லக் கூடாதுதான். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பலருக்கு அவர் மேல் ஒரு அனுதாபம் வருவது இதனால்தான். “ஒண்ணும் தெரியாத மேனேஜர் கையில இதைக் கொடுத்தா என்ன ஆகும்?” என்று நினைக்காத அட்மின் யார்? ஆனால் ஜூரியில் ஒருவர் இதே தொழிலைச் செய்யும் நெட்வொர்க் பொறியாளர். அவரும் சேர்ந்துதான் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார்கள்.

எனக்கும் அந்தப் பக்கம்தான் நிற்கத் தோன்றுகிறது. ஒன்றை எல்லோரையும்விட நன்றாக அறிந்திருப்பது அதைச் சொந்தமாக்கிவிடாது. அந்த நெட்வொர்க் நகரத்துடையது. அவருக்கு அன்றைக்கு மாரடைப்பு வந்திருந்தால்? எந்தக் கெட்ட நாளிலும் திறக்க வேண்டிய கதவை, தான் நன்றாக இருக்கும் நாளில் மட்டும் திறக்கும் கதவாக அவர் மாற்றியிருந்தார். இது பேராசை இல்லை. இதில் இருப்பது அக்கறைதான், அதனால்தான் கண்டுபிடிப்பது கஷ்டம். அக்கறை கொஞ்சம் கொஞ்சமாக உடைமையாகத் திரிந்துபோகிறது.

இப்போது நல்ல கன்சோல் சர்வர்களில் யார் எப்போது நுழைந்தார், என்ன தட்டினார், திரையில் என்ன ஓடியது என எல்லாமே பதிவாகும். சிலருக்கு இது அவமானமாகப் படுகிறது. நம்பித்தானே சாவி கொடுத்தீர்கள், பிறகு ஏன் கண்காணிப்பு? வள்ளுவர் இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கமும் நின்றிருக்கிறார். தெரிந்துதெளிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளில், ஆராயாமல் நம்புவதும் நம்பியபின் சந்தேகப்படுவதும் தீராத துன்பம் என்கிறார். அடுத்த அதிகாரமான தெரிந்துவினையாடலின் கடைசிக் குறளில், பணிசெய்பவரை அரசன் தினமும் கவனித்துவர வேண்டும் என்கிறார். முரண் மாதிரி இருக்கிறது. ஆனால் சந்தேகம் ஆளின் மேல் விழுவது, கவனிப்பு வேலையின் மேல் விழுவது. பதிவு எல்லோருக்கும் ஒரே மாதிரி ஓடும்போது யாரையும் குறிவைப்பதில்லை. ராத்திரி மூன்று மணிக்குத் தனியாக உள்ளே போய், ஒரு பெரிய விபத்தைத் தடுத்துவிட்டு வருபவருக்கு அந்தப் பதிவுதான் ஒரே சாட்சி.

அவசர பாஸ்வேர்டை உறையில் போட்டு ஒட்டிப் பெட்டகத்தில் வைத்து, ஒருமுறை பிரித்தால் உடனே மாற்றிவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எளிய ஏற்பாடுதான். ஆனால் அந்த உறையை ஒட்டுகிறவர் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும்: நான் இல்லாத நாள் ஒன்று வரும், அன்றைக்கும் இது ஓட வேண்டும். சர்வர் அட்மினுக்கு மட்டுமான கேள்வி இல்லை இது. வீட்டுக் கணக்கைத் தன் ஒருவர் தலையிலேயே வைத்திருக்கும் அப்பாவுக்கும், வாரிசை வளர்க்காத தலைவருக்கும் இதே கேள்விதான். சாவிக்குத் தகுதியானவர் யார் என்றால், தான் இல்லாமலும் கதவு திறக்கும்படி செய்துவைப்பவர்தான். மற்றவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், பூட்டின் ஒரு பகுதிதான்.