மலை தெரியும் அறை

மலைநாட்டிலே உல்லாசப் பயணிகளுக்கென அமைந்த ஒரு ஹோட்டலின் விலைப்பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஒரே அளவான அறைக்கு இரண்டு விலை போட்டிருப்பார்கள். கட்டில் ஒன்றே, மெத்தை ஒன்றே, காலைச் சாப்பாடும் ஒன்றே. ஆனால் ஒரு வரிசை அறைகளின் யன்னல் மலையைப் பார்க்கிறது. மறு வரிசையின் யன்னல் வாகனங்கள் நிற்கும் முற்றத்தைப் பார்க்கிறது. மலைப் பக்க யன்னலுக்குக் கூடுதல் பணம்.

இது நமக்குத் தொலைவான சங்கதியன்று. வத்தேகமையிலிருந்து ஒரு பாதை எல்கடுவைக்கு ஏறுகிறது. அங்கே ஹுனஸ் நீர்வீழ்ச்சியருகே ஹோட்டல் உண்டு. மற்றொரு பாதை பன்விலை ஊடாக மடுல்கலைக்குப் போகிறது. அங்கே தேயிலை மலையின்மேல் நக்கிள்ஸ் தொடரைப் பார்த்தபடி கூடாரம்போன்ற விடுதிகள் இருக்கின்றன. நாம் பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில் நம்மைக் கடந்து போகும் வான்களுக்குள் இருப்போர் பலர் இந்த யன்னல்களைத் தேடித்தான் போகிறார்கள்.

ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியத் தம்பதியர் அண்மையில் என்னிடம் இதைப் பற்றிக் கேட்டார்கள். திருமணமாகி நாற்பது ஆண்டு நிறைவு. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள், "ஓர் இரவாவது எங்கேயாவது போய் இருந்துவிட்டு வாருங்கள்" என்று பணம் அனுப்பியிருந்தார்கள். அந்த அம்மா கேட்டார்: "சுவாமி, மலை தெரிவதற்கென்று இவ்வளவு கூடக் கொடுப்பது பாவமில்லையா? இருட்டினால் எல்லா யன்னலும் ஒன்றுதானே?"

பாவம் என்ற சொல்லை நாம் இத்தனை தாராளமாகச் செலவிடக் கூடாது. எனினும் அந்தக் கேள்வி சிறுபிள்ளைக் கேள்வியன்று. வித்தியாசம் ஐயாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2024ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளருக்கென வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தக் கணக்கிலே ஒரு யன்னல் ஏறக்குறைய நான்கு நாள் உழைப்பு. அந்த அம்மா தோட்டப் பாடசாலையில் படிப்பித்தவர். பணத்தை ரூபாயில் அல்ல, 'பேரில்' எண்ணும் வழக்கம் அவருக்கு இருந்தால் அதில் வியப்பில்லை.

இருட்டைப் பற்றி அவர் சொன்னதும் மெய்யே. நம் நாட்டில் இரவு ஏறக்குறைய பன்னிரண்டு மணித்தியாலம். அதோடு மஞ்சு வேறு. தும்பர என்ற பழைய பெயரே புகார் மூடிய மலை என்ற பொருளில் வந்ததாகச் சொல்வார்கள். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இரண்டு நாள் முழுக்க வெள்ளைத் துணியால் மூடியதுபோல் மலை மறைந்து கிடப்பதும் உண்டு. மஞ்சு மூடியதற்காகப் பணத்தைத் திருப்பித் தரும் ஹோட்டலை நான் கேள்விப்பட்டதில்லை. ஆகவே கூடுதல் பணம் கொடுப்பவர் மலையை வாங்குவதில்லை. மலை தெரிந்தாலும் தெரியலாம் என்ற வாய்ப்பைத்தான் வாங்குகிறார்.

சரி, அந்த வாய்ப்பை விற்க ஹோட்டல்காரருக்கு என்ன உரிமை? மலையை அவர் செய்தாரா? புனித தோமாஸ் அக்குயினாஸ் பதின்மூன்றாம் நூற்றாண்டில், வாணிபத்தில் நீதியான விலை எது என்று ஆராய்ந்தபோது, இதற்கு மிகக் கிட்டிய ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறார். ஒரு பொருளைக் கொடுப்பதனால் விற்பவருக்கு நட்டம் உண்டாகுமானால் அந்த நட்டத்தை அவர் விலையிற் சேர்க்கலாம். ஆனால் விற்பவருக்கு எந்த நட்டமும் இல்லாமல், வாங்குபவருக்கு மட்டும் அதனால் பெரும் நன்மை உண்டென்றால், அந்த நன்மையைக் காட்டி விலையை உயர்த்தக் கூடாது. ஏனெனில் அந்த நன்மை விற்பவருடையதன்று; தன்னுடையதல்லாத ஒன்றை யாரும் விற்க முடியாது.

இந்த நியாயத்தை அப்படியே கொண்டுவந்து ஹோட்டல் வாசலில் வைத்தால் மலைப் பக்க அறைக்கு ஒரு சதமும் கூட வாங்கக் கூடாது என்று ஆகும். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். மலைச் சரிவிலே கட்டடம் எழுப்ப அணைச்சுவர் வேண்டும், கண்ணாடி வேண்டும், பாதை வேண்டும். அவற்றுக்குச் செலவு உண்டு. தவிரவும் இருபது பேர் விரும்பும் பத்து அறைகளை எப்படியாவது பங்கிட்டாக வேண்டுமே. 1908இல் இ. எம். ஃபோர்ஸ்டர் எழுதிய ஆங்கில நாவல் ஒன்று இந்தச் சங்கடத்தோடுதான் தொடங்குகிறது. புளோரன்ஸ் நகர விடுதியொன்றில் ஆறு தெரியும் அறை தருவதாகச் சொல்லி, முற்றம் தெரியும் அறையைக் கொடுத்துவிடுகிறார்கள். மனம் வாடிய இரு பெண்களுக்கு, அதே விடுதியில் தங்கும் ஒரு தந்தையும் மகனும் தங்கள் அறைகளை மாற்றித் தருகிறார்கள். பணம் கைமாறவில்லை. கதையிலே நடக்கும், முற்பதிவுக் கந்தோரில் நடக்காது.

ஆனால் தோமாஸ் அங்கேயே நின்றுவிடவில்லை. பெரும் நன்மை அடைந்த வாங்குபவர், யாரும் கேளாமல், தம் நன்மனத்தால், கூடுதலாக எதையேனும் கொடுக்கலாம். அது அவருடைய நேர்மைக்குப் பொருந்தும் என்கிறார். எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. மலையின் அழகு ஒருவருக்கு உண்மையிலேயே நன்மை செய்ததென்றால் அதற்காகக் கூடுதலாக ஏதோ கொடுக்கத் தோன்றுவது மனித இயல்பு. யாருக்குக் கொடுப்பது என்பதே கேள்வி.

அந்த யன்னலில் நின்று பாருங்கள், என்ன தெரிகிறது? தூரத்தில் நக்கிள்ஸ் முகடுகள். அவை மனிதர் செய்தவையல்ல. அந்தக் காட்டை 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் கண்ணுக்கு முதலில் படுவது கீழே விரித்த பச்சைக் கம்பளம். அதை இயற்கை என்று விளம்பரத்தில் எழுதுகிறார்கள். அது இயற்கை அல்லவே! தேயிலையை அதன்போக்கில் விட்டால் மரமாகிவிடும். சில ஆண்டுக்கொருமுறை கவ்வாத்து வெட்டி, கிழமைக்கொருமுறை கொழுந்தெடுத்து, காண் வெட்டி, புல் பிடுங்கினால்தான் அது இடுப்பளவில் கம்பளமாக நிற்கும். காட்டை வெட்டிக் கோப்பி நட்டார்கள். 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னரே ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். இந்த வரலாறு முழுவதிலும் வேலை செய்த கைகள், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்து வந்தவர்களின் கைகள். அந்த வழியை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் சென்றவர்களில் நம் வாசகர் சிலரும் இருந்திருப்பர்.

ஆகவே நமது மலைநாட்டிலே காட்சி என்பது ஒரு பங்கு படைப்பு, ஒரு பங்கு உழைப்பு. கண்டி வாவியும் அப்படித்தான். குளக்கரை ஹோட்டல்களில் வாவி தெரியும் அறைக்கு மதிப்பு அதிகம். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னன் 1807ஆம் ஆண்டளவில் வயலாயிருந்த இடத்தில் அதை அமைத்தபோது மண் சுமந்தவர்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்லர், ராஜகாரியத்துக்கு வந்தவர்கள்.

இனி அந்தக் கம்பளத்தைச் செய்தவர்களின் யன்னலைப் பார்ப்போம். துரை பங்களாவை மேட்டிலே, நாற்புறமும் தெரியும்படி கட்டினார்கள். லூல்கந்துரையில் டெயிலர் அமர்ந்து மலைகளைப் பார்த்ததாகச் சொல்லும் கல்லிருக்கை இன்றும் இருக்கிறது. பயணிகள் அதில் அமர்ந்து படம் பிடிக்கிறார்கள். காட்சியின் அருமை அக்காலத்துத் தோட்டக்காரருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆனால் லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னே ஒரு கதவு, அதற்கு வெளியே ஓர் இஸ்தோப்பு. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய லயங்களில் பின்பக்கம் யன்னல் வைக்க இடமே இல்லை. உலகத்தார் பணம் கொடுத்துப் பார்க்க வரும் மலையின் நடுவே வீடு. அந்த வீட்டுக்குள்ளிருந்து மலையைப் பார்க்க வழி இல்லை.

"அவர்களுக்கு அது பழகிவிட்டது, அவர்கள் மலையைப் பார்ப்பதா, வேலையைப் பார்ப்பதா?" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நம்மவர் வாயிலும் கேட்டிருக்கிறேன். இது பொய். கொழுந்து மலையில் நிற்கும் ஒரு பெண்ணிடம் கேளுங்கள். எந்த முகட்டில் மஞ்சு இறங்கினால் எத்தனை நேரத்தில் மழை வரும் என்று சொல்வார். ஓர் இரவு தங்குபவர் அந்த மலையை அவ்வளவு பார்த்ததில்லை. அவரிடம் இல்லாதது கண் அல்ல. உட்கார்ந்து பார்க்க ஓர் இடமும் நேரமும்தான்.

யன்னல் ஆடம்பரமா, தேவையா என்பதற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் ரொஜர் அல்ரிக் என்பவர் பென்சில்வேனியா மாநில வைத்தியசாலையொன்றின் 1972 முதல் 1981 வரையான பதிவேடுகளைப் புரட்டினார். பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்ற 46 நோயாளரை எடுத்துக்கொண்டார். 23 பேரின் யன்னல் மரங்களைப் பார்த்தது. 23 பேரின் யன்னல் ஒரு செங்கற் சுவரைப் பார்த்தது. மரம் தெரிந்தவர்கள் சராசரியாக முக்கால் நாள் முந்தியே வீடு போனார்கள். கடுமையான வலிநீக்கி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984இல் இந்த ஆய்வு வெளிவந்தது. சிறிய ஆய்வுதான், அதை வைத்துக் கோபுரம் கட்ட வேண்டாம். ஆனால் நோயாளியின் தாய்மாருக்கு முன்பே தெரிந்த ஒன்றை அது எண்ணிக் காட்டியது. இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை யன்னல்களை எண்ணி வரி வாங்கினார்கள். வரிக்குப் பயந்து யன்னலைச் செங்கல்லால் அடைத்தவர்கள் பலர். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் விலை வைத்தால் முதலில் இருட்டுக்குள் போவது ஏழைதான் என்பதை அந்நாட்டு வைத்தியர்கள் எடுத்துச் சொன்னார்கள், வரி போயிற்று. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸும் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில், அழகு மிகுந்த இடங்கள் தனியார் வேலிக்குள் போய் மக்களுக்கு எட்டாமற் போவதைக் குறிப்பிட்டிருந்தார்.

மலை எல்லோருக்கும் காட்சியாக மட்டும் இருப்பதுமில்லை. 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் திட்வா சூறாவளி கொண்டுவந்த மழையில் நம் கண்டி மாவட்டமும் பதுளையும் நுவரெலியாவும் பட்ட பாட்டை நான் இங்கு விவரிக்க வேண்டியதில்லை. ஒருவர் கூடுதல் பணம் கொடுத்து நெருங்கும் சரிவின் அடியில், வேறு போக்கிடம் இல்லாமல் இன்னொருவர் படுத்திருக்கிறார்.

அப்படியானால் அந்தத் தம்பதியர் மலைப் பக்க அறையை எடுக்கலாமா? எடுக்கட்டும் என்றேன். நாற்பது ஆண்டு கரும்பலகையைப் பார்த்தவர்கள் ஒரு விடியற்காலை மலையைப் பார்ப்பதில் வீண்செலவு எதையும் நான் காணவில்லை. மழைக்காலம் தணிந்த பிறகு, பெப்ரவரி மார்ச்சில் போகச் சொன்னேன். ஆறு மணிக்கு முன் எழும்பச் சொன்னேன்; எட்டுமணி மட்டும் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்குபவருக்கு முற்றத்து அறையே போதும். தொலைபேசியைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது. படம் பிடிப்பதற்காக யன்னலுக்கு வந்து, பிடித்ததும் போய்விடுபவர்கள் அநேகர். பார்க்க நேரம் ஒதுக்காதவருக்கு அந்தப் பணம் நட்டம். நேரம் ஒதுக்கியவருக்கு அது மலிவு.

அந்த அம்மா விடவில்லை. "கூடக் கொடுப்பது ஹோட்டலுக்குத்தானே போகிறது, சுவாமி?" என்றார். போகிறது. பற்றுச்சீட்டில் சேரும் சேவைக் கட்டணம் அங்கு வேலை செய்பவர்களுக்குப் போகும். அவர்களில் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. பெட்டி தூக்கி வரும் பையனிடம் அவன் எந்த டிவிசன், யாருடைய மகன் என்று கேட்கலாம்; அந்த அம்மாவின் பழைய மாணவனாகவே இருந்துவிட்டாலும் இருக்கலாம். ஆனால் கவ்வாத்துக் கத்திக்கு அந்தப் பற்றுச்சீட்டில் பங்கு இல்லை. ஒரு யன்னலுக்கு நாம் நான்கு நாட் சம்பளம் கொடுக்கத் துணிந்தோமென்றால், அது மனிதருக்கு வேண்டிய பொருள் என்று நம் கையாலேயே ஒப்புக்கொண்டுவிட்டோம். அதன்பின் லயத்துக்கு அது தேவையில்லை என்று சொல்லும் வாய் நமக்கு இல்லாமற் போகிறது.

தோட்டங்களில் இப்போது தனி வீடுகள் எழுகின்றன. ஏழு பேர்ச் காணியில், இந்திய உதவியோடு கட்டிய 550 சதுர அடி வீடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். போதாது, தாமதம், காணியுறுதி எங்கே என்ற கேள்விகள் எல்லாம் நியாயமானவை. அவற்றை இப்பத்திரிகை தொடர்ந்து கேட்கும். அவற்றோடு இன்னொன்றையும் கேளுங்கள். அந்த வீடுகளின் படம் கந்தோரில் வரைந்தது. எல்லா மேட்டுக்கும் ஒரே படம். மலை கிழக்கே நின்றாலும் மேற்கே நின்றாலும் யன்னல் ஒரே பக்கம். பங்குக் குழுக்களிலும் தோட்டக் கூட்டங்களிலும் இருப்பவர்கள், அத்திவாரம் வெட்டுமுன் மேசனையும் வீட்டுக்காரப் பெண்ணையும் அந்த இடத்தில் ஒருமுறை நிறுத்தி, யன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்கட்டும். யன்னலைப் பக்கம் மாற்றி வைக்க ஒரு மூடை சீமெந்தும் கூடச் செலவாகாது.