மானத்தின் பெயரால் மௌனம் வேண்டாம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



நாகர்கோவில் காசி வழக்கை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சமூக வலைதளங்களில் பெண்களிடம் பழகி, ஆபாசமாகப் படமெடுத்து, அதைக் காட்டி மிரட்டிப் பணம் பறித்தவன் அவன். 2020 ஏப்ரலில் சென்னைப் பெண் மருத்துவர் ஒருவர் துணிந்து புகார் கொடுத்தார். அதன் பிறகே மற்ற புகார்களும் வந்தன. 2023 ஜூனில் நாகர்கோவில் நீதிமன்றம் அவனுக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது.

அதுவரை அவனைக் காப்பாற்றியது எது? வீட்டுக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமே என்ற பயம்தான்.

பிறர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற ஹதீஸை நாம் அறிவோம். தவறிவிட்டு வருந்துபவருக்கு உரியது அது. அநியாயத்தைத் தொடர்ந்து செய்பவனை ஒளித்து வைக்க அதில் இடமில்லை. அநியாயக்காரனுக்கும் உதவச் சொன்ன நபியவர்கள், அவனைத் தடுப்பதே அந்த உதவி என்று விளக்கினார்கள் (புகாரி). பெற்றோருக்கும் உறவினருக்கும் பாதகமானாலும் நீதிக்குச் சாட்சி சொல்லுமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான் (4:135).

பிள்ளைகள் விஷயத்தில், "ஜமாஅத்திலேயே பேசி முடிப்போம்" என்று யாரும் சொல்லாதீர்கள். 18 வயதுக்குட்பட்டவருக்கு நடந்த பாலியல் குற்றத்தைத் தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயரை வெளியிடுவதையும் அதே சட்டம் தடுக்கிறது. எனவே மானம் போகும் என்று அஞ்ச வேண்டாம்.

வாப்பா வளைகுடாவில், உம்மா தனியாகப் பிள்ளைகளுடன். இப்படி எத்தனை வீடுகள் நம் மஹல்லாவில்! அந்த உம்மாமார்களுக்குச் சொல்கிறேன்: மிரட்டல் வந்தால் பணம் அனுப்பாதீர்கள். வந்த செய்திகளை அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி. சைபர் குற்றத்துக்கு 1930, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற எண்களை அழையுங்கள்.

வாப்பாமார்களே! உங்கள் மகள் அழுதுகொண்டே வந்து சொன்னால், முதலில் அவளைத் திட்டாதீர்கள். "நான் இருக்கிறேன் மக்களே" என்று சொல்லுங்கள். நீங்கள் கோபப்படுவீர்கள் என்ற பயம்தான் மிரட்டுபவனின் பலம். நமது மகன் அந்த இடத்தில் இருந்தால், அவனையும் சட்டத்தின் முன் நிறுத்தும் ஈமான் நமக்கு வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் மானத்தையும் எங்கள் ஊரின் அமைதியையும் பாதுகாப்பாயாக. அநியாயத்துக்குத் துணை போகாத நெஞ்சுரத்தை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன்.