கால் மாறிய ஆட்டம்

மதுரை வெள்ளியம்பலத்தில் நடராஜர் வலது காலைத் தூக்கி ஆடுகிறார். ஒரே காலில் நின்றால் வலிக்குமே என்று பாண்டியன் இறைஞ்சியதால் கால் மாற்றிக்கொண்டதாகத் திருவிளையாடல் கதை. எரியோட்டிலிருந்து மதுரைக்குப் போகும்போதெல்லாம் அங்கே சற்று நிற்பேன். கதையில் கருணை இருக்கிறது. அதற்கடியில் ஒரு துணிபும் இருக்கிறது: கால் மாறினாலும் ஆட்டம் அதே ஆட்டம்தான்.

பௌதிகத்திலும் இத்துணிபு வெகுகாலம் இருந்தது. ஒன்றை மாற்றிய பிறகும் மாறாதிருப்பதையே சமச்சீர்மை என்கிறார்கள். இன்றைய விதியே நாளைக்கும் என்பதிலிருந்து சக்தியின் அழியாமை பெறப்படுகிறது. எம்மி நோதர் 1918-இல் நிறுவியது. அந்த வரிசையில் கண்ணாடியையும் சேர்த்துக்கொண்டார்கள். எந்த நிகழ்ச்சியின் பிம்பமும் இயற்கையில் நடக்கக்கூடியதே என்றார்கள். அணுக்கருச் சிதைவை நடத்தும் மென்விசையில் இதை யாரும் சோதித்ததில்லை என்று 1956-இல் லீயும் யாங்கும் சுட்டிக்காட்டினார்கள். சமச்சீர்மைதான் ஜெயிக்கும், பெருந்தொகை பந்தயம் கட்டுகிறேன் என்றார் பௌலி. வூ அம்மையார் கோபால்ட் அணுக்களைக் கடுங்குளிரில் ஒரே திசையில் சுழலவைத்துப் பார்த்தார். எலெக்ட்ரான்கள் ஒரு பக்கமாகவே அதிகம் பாய்ந்தன. இயற்கைக்குக் கை வித்தியாசம் தெரிந்திருக்கிறது.

அழகை நம்பியவர் தோற்றார் என்று முடித்துவிடலாம். நம்மில் 'அனுபவ'க் கட்சிக்காரர்களுக்கு இனிக்கும். ஆனால் அதே 1957-இல், தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துப் போன சுதர்சன், ராச்செஸ்டரில் தன் ஆசிரியர் மார்ஷாக்குடன், மென்விசை முழுவதற்கும் ஒரே வடிவம் சொன்னார். நான்கு சோதனைகள் அதற்கு விரோதமாக இருந்தன. அவற்றைத் திரும்பச் செய்யுங்கள் என்றார்கள் இருவரும். நான்கும் தவறென்று தெரிந்தது. (பெயரில் பெரும்பங்கு ஃபெயின்மனுக்கும் கெல்மானுக்கும் போயிற்று, அது வேறு கதை.)

ஜெயித்ததற்காகச் சுதர்சனை மெச்ச எனக்கு இஷ்டமில்லை. எந்த நான்கு விழவேண்டும் என்று குறிப்பிட்டுச் சொன்னார். அவை நின்றிருந்தால் அவர் விழுந்திருப்பார். பௌலியும் சோதனை வந்ததும் தோல்வியை ஒப்புக்கொண்டார். இருவரிடமும் யோக்கியம் ஒன்றுதான். ஒரு கவிதையின் உருவ அமைதியைப் புகழ்கிற நாம், எது கண்டால் புகழ்ச்சியை வாபஸ் வாங்குவோம் என்று என்றாவது சொல்லியிருக்கிறோமா?

பௌதிகத்திலும் இப்போது அந்தச் சங்கடம் வந்திருக்கிறது. ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடி உண்டு என்கிறது அதிசமச்சீர்மை. கணிதமாகப் பார்த்தால் பேரழகு. 2010 முதல் ஜெனிவா அருகே புரோட்டான்களை மோதவிட்டுத் தேடியும் ஒரு ஜோடியும் அகப்படவில்லை. இன்னும் கனமாக இருக்கும் என்கிறார்கள் அதன் பக்தர்களில் பலர். எவ்வளவு கனம் வரை தேடினால் விட்டுவிடுவீர்கள் என்று கேட்டால், அதற்கு ஒரு எண் வருவதில்லை.