உள்ளிருந்து உண்ணும் ஈயும் கொடுமை என்னும் கேள்வியும்

உயிருள்ள கம்பளிப்புழுவின் உடலுக்குள் இருந்தபடியே அதைத் தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவிகளை, அருளும் பேராற்றலும் உடைய இறைவன் திட்டமிட்டுப் படைத்திருப்பான் என்று தம்மால் நம்ப இயலவில்லை என்று 1860 மே 22 அன்று சார்லஸ் டார்வின், அமெரிக்கத் தாவரவியலாளரும் கிறித்தவப் பற்றாளருமான ஏசா கிரேக்கு எழுதினார். அவர் குளவிகளை முன்வைத்து எழுப்பிய ஐயம், எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட டாக்கினிட் என்னும் ஈக்குடும்பத்துக்கும் அப்படியே பொருந்தும்.

இக்குடும்பத்து ஈ முதற்பார்வைக்கு வீட்டு ஈயைப் போன்றே தோன்றினாலும், உடலெங்கும் தடித்து விறைத்த முட்களும், முதுகின் பின்முனையில் உள்ள சிறு கேடயம் போன்ற தகட்டுக்குக் கீழே, பக்கவாட்டில் நோக்கினால் தெளிவாகப் புலப்படும் மற்றொரு புடைப்பும் அதை இனங்காட்டும். வளர்ந்த ஈ பெரும்பாலும் பூந்தேனையும் செடிகளின் இனிய கசிவையும் உண்டு வாழ்வது. அச்சம் தருவது அதன் புழுப்பருவமே. முட்டையிலிருந்து வெளிப்பட்ட புழு, தான் புகுந்த பூச்சியின் உடலுக்குள் நிலைகொள்ளும்போது, அவ்வுடலின் குருதியணுக்கள் அதைச் சூழ்ந்து அடைத்து மூச்சுமுட்டச் செய்ய முயல்கின்றன. ஆனால் பல இனங்களில் ஈப்புழு அந்த அடைப்பையே வெளிக்காற்றை உள்ளே கொணரும் புனலாக மாற்றிக்கொண்டு, உயிர் நிலைப்பதற்கு இன்றியமையாத உறுப்புகளைக் கடைசிவரை விட்டுவைத்து உண்கிறது. தற்காப்புக்கென எழுந்த முயற்சியே பகைக்குத் துணையாகும் இவ்விடத்தில்தான் சமயச் சிந்தனை மிகவும் இடர்ப்படுகிறது. வேட்டையாடும் விலங்குகள் விரைவான சாவைத் தந்து, முதுமையின் நெடுந்துன்பத்திலிருந்து இரையைக் காத்து, உலகின் மொத்த வலியைக் குறைக்கின்றன என்று 1836இல் ஆங்கில நிலவியலாளரும் சமயகுருவுமான வில்லியம் பக்லாண்ட் வாதிட்டார். அவ்வாதம் சிங்கத்துக்குப் பொருந்தலாம், சாவை வேண்டுமென்றே தாழ்த்துவது போல உண்ணும் இப்புழுவுக்குப் பொருந்தாது.

ஈயின் நடத்தையில் மனிதப் பகைமையைக் காணும் பழக்கம் இப்புழுவோடு நிற்பதில்லை. ஈக்கள் திரள்வதைக் காணும் மனிதர் அதைத் தாக்குதலுக்கான படையெடுப்பாகக் கொள்வது இயல்பு. டாக்கினிட் ஈக்களிலும், பாலூட்டிகளின் உடலில் வளரும் பாட் ஈக்களிலும் பல இனங்களின் ஆண்கள் குன்றுகளின் உச்சியில் கூடி, வெயில் படும் பாறையிலோ இலையிலோ ஆளுக்கோர் இடம் பிடித்து, போட்டியாக வரும் ஆண்களைத் துரத்திப் பெண்ணுக்காகக் காத்திருக்கின்றன. பரந்த நிலத்தில் எண்ணிக்கையில் குறைந்து சிதறி வாழும் உயிர்களுக்கு, எங்கிருந்தும் அறியத்தக்க உச்சியே துணை தேடும் களமாக அமைகிறது. பகையென்று தோன்றும் கூட்டம் மணக்கூட்டமாக இருக்கையில், பிற உயிரின் வலியை அறிந்து அதை விரும்பும் மனநிலையாகிய கொடுமையை ஈயின்மேல் ஏற்றுவது தவறு. ஈ இவ்வாறு குற்றத்திலிருந்து நீங்கினாலும் டார்வினின் கேள்வி நீங்குவதில்லை. அது முதலிலிருந்தே படைத்தவனை நோக்கி எழுந்த கேள்வி.

படைப்போனை ஏற்காத சமண நெறியில் இக்கேள்வி வேறு உருக்கொள்கிறது. ஊறு, சுவை, நாற்றம், காட்சி என்னும் நான்கு புலன்களுடைய உயிராக ஈயைக் கணக்கிடும் அந்நெறி, இத்துன்பம் யார் வகுத்தது என்று தேடுவதை விட்டு, இத்துன்பத்தில் மனிதனின் பங்கு எவ்வளவு என்று கேட்கிறது. அக்கேள்வி கடுமையாகத் தைக்கும் இடம் பட்டுப்புழு வளர்ப்புமனை. ஊசி ஈ என்று வழங்கும் டாக்கினிட் ஈ 1980இல் கர்நாடகப் பட்டு வளர்ப்பைத் தாக்கித் தென்னகத்தில் பரவியது. அது முட்டையிட்ட புழுவின் தோலில் கரும்புள்ளி தோன்றும், புழு கூடு கட்டுமுன் மடியும், அல்லது கூட்டைத் துளைத்து ஈப்புழு வெளியேறுவதால் அறுபடாத இழை எடுக்க முடியாமற் போகும். அந்த இழப்பு ஒரு குடும்பத்தின் வருவாயைக் குலைப்பது உண்மை. எனினும் ஈயிடமிருந்து காக்கப்படும் புழுவும் கூட்டுக்குள்ளேயே வெப்பத்தால் கொல்லப்பட்டு, அதன் பின்னரே இழை எடுக்கப்படுகிறது. ஈயும் மனிதனும் ஒரே உயிருக்காகப் போட்டியிடும் இவ்விடத்தில் ஒரு தரப்பை மட்டும் கொடியதென்பது நேர்மையாகாது.

இல்லறத்தார் மனமறிந்து செய்யும் கொலையை விலக்க வேண்டும் என்றும், தொழிலில் தவிர்க்க இயலாது நேரும் உயிரிழப்பை இயன்றவரை குறைக்க வேண்டும் என்றும் சமணம் பிரித்துச் சொல்கிறது. அவ்வளவுகோலில், ஈயைக் கொல்லாமல் உட்புகாது தடுக்கும் நைலான் வலை எளிதில் தேறும். ஈயின் கூட்டுப்புழுவை உண்டு அழிக்கும் நெசோலின்க்ஸ் தைமஸ் என்னும் சிறு குளவியை வளர்த்து விடுவது ஓர் ஒட்டுண்ணியின் மேல் மற்றோர் ஒட்டுண்ணியை ஏவுவதாதலால் எளிதில் தேறாது. கூட்டுக்குள்ளிருக்கும் உயிரை அறிந்தே கொல்லும் வெப்பமோ எவ்வகையிலும் தேறாது. சமணருள் பலர் பட்டாடையையே தவிர்த்து வருவது இக்கணக்கை ஈயிடம் தொடங்கித் தம் உடை வரைக்கும் தளராமல் கொண்டுசென்றதன் விளைவு.