ஒப்புக்குச் சப்பாணி

நம் ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டில் ஒரு பழைய ஏற்பாடு உண்டு. சரியாக ஓடத் தெரியாத சின்னஞ்சிறிசு ஒன்று, தானும் வருவேன் என்று அடம் பிடித்தால், அதை ‘ஒப்புக்குச் சப்பாணி’யாகச் சேர்த்துக்கொள்வார்கள். அது ஓடலாம், கத்தலாம், கூட்டத்தோடு கூட்டமாகச் சிரிக்கலாம். பிடிபட்டால் மட்டும் கணக்கில்லை. அழுகையும் நிற்கிறது, ஆட்டமும் கெடவில்லை. ஆனால் இந்த ஏற்பாடு கருணையா, அல்லது கருணையின் வேடம் பூண்ட புறக்கணிப்பா? விளையாட்டான கேள்விதான். எனினும், அதற்கு விடை தேடிப் போனால் வீட்டுக் கூடம் வரைக்கும் வந்துவிடுகிறது.

சின்னமனூரை அடுத்த மார்க்கையன்கோட்டையில் என் பிறந்த வீடு. ஒரு சனி, ஞாயிறு அண்ணன்மார் இருவரும், தங்கையும், நானும் குடும்பத்தோடு அங்கே கூடினோம். மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த பிள்ளைகள் முதல் ஒரு மணி நேரம் கைபேசியை விடவில்லை. பிறகு புழக்கடை அவர்களை இழுத்துக்கொண்டது. துவைகல், கிணற்றுமேடை, முருங்கை மரத்தடி மண்: ‘கல்லா மண்ணா’ ஆட்டத்துக்கு வேறென்ன வேண்டும்? பிடிப்பவன் மண்ணைக் கேட்டால், மற்றவர்கள் கல்லின்மேல் நிற்க வேண்டும். மண்ணில் இறங்கித் தொடப்பட்டால், அடுத்துப் பிடிக்க வேண்டியது அவர்தான்.

தங்கையின் கடைக்குட்டிக்கு ஐந்து வயது. அவன் ஒப்புக்குச் சப்பாணி என்பது எல்லாருக்கும் தெரியும், அவனைத் தவிர. மூன்றாவது முறை தொடப்பட்டபோது, பெரியண்ணன் மகளின் பாவாடையைப் பிடித்து நிறுத்தினான்.

“மதினி, என்னைத் தொட்டுட்டீல்ல? இனிமே நான்தானே பிடிக்கணும்?”

“நீ ஓடுடா, உனக்கு அவுட்டே கிடையாது.”

“எனக்கு மட்டும் ஏன் கிடையாது?”

பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அதற்குப் பதில் கிடைக்கவில்லை. தோல்வி இல்லை என்பது சலுகை. ஆனால் தோற்க முடியாதவன் ஆட்டத்திலேயே இல்லை! அந்தக் குழந்தைக்கு அது புரிந்துவிட்டது. பெரியவர்கள் பலருக்கு நாற்பது வயதிலும் புரிவதில்லை.

பிள்ளைகள் தலையோடு தலை சேர்த்து ஏதோ பேசினார்கள். புதுச் சட்டம் பிறந்தது: அவன் பிடிக்கலாம், அவன் பிடிக்கும்போது மற்றவர்கள் நொண்டியடித்தே ஓட வேண்டும். சிறிது நேரத்தில் ஒருத்தியைத் தொட்டுவிட்டான். அவள் உண்மையாகவே பிடிபட்டாள். அந்த முகத்தின் வெளிச்சத்தை நான் என்னவென்று எழுதுவேன்!

சுவிட்சர்லாந்து உளவியலறிஞர் ழான் பியாழே, கோலி விளையாடும் சிறுவர்களிடம் அமர்ந்து, இந்த விதிகள் எங்கிருந்து வந்தன, மாற்றலாமா என்று விசாரித்து, 1932-இல் ஒரு நூலே எழுதினார். சிறியவர்கள் விதிகளைப் பெரியவர்கள் தந்த மாறாத கட்டளையாக எண்ணினார்கள். வளர்ந்த பிள்ளைகளோ, எல்லாரும் ஒப்புக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். அறம் என்பது மேலிருந்து இறங்கும் கட்டளை மட்டுமன்று, கூடி ஆடுவோரின் உடன்பாடுமாகும் என்பதைப் பிள்ளைகள் தெருவிலேயே கற்றுவிடுகிறார்கள்.

புழக்கடையில் இது நடக்கும்போது, முன்கூடத்தில் வேறோர் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அப்பா விட்டுச்சென்ற வயலில் ஒரு பகுதியை விற்பதென்று அண்ணன்மார் முடிவு செய்திருந்தார்கள். “நீங்க ரெண்டு பேரும் கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்” என்றார்கள், எங்களிடம். தந்தையின் சொந்தச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே வந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில், அதற்கு முன் மணமானவர்களை விட்டுவிட்டு, தமிழ்நாடு 1989-இல் மகள்களுக்கும் உரிமை வழங்கியது. 2005-இல் இந்தியா முழுவதும் மகனுக்குச் சமமாக மகளும் ஆனாள். சட்டம் எங்களை ஆட்டத்தில் சேர்த்துவிட்டது. வீடோ இன்னும் ஒப்புக்குத்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறது.

“அம்மாவிடம் கேட்டீர்களா?” என்றேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பத்திரத்தின் நகலை உரக்கப் படித்துக் காட்டினோம். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“தலைமடையை வித்துட்டுக் கடைமடையை வச்சுக்கிட்டா, தண்ணி வந்து சேர்ற வரைக்கும் வானத்தைப் பாத்துக்கிட்டுதாண்டா நிக்கணும்.”

ஒருவரும் பேசவில்லை. 1895-இல் திறந்த பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே வந்து வளர்க்கும் பூமி இது. மடைக்கு முன்னே இருப்பவன் முந்திக்கொள்வான்; கடைசியில் இருப்பவன் காத்திருப்பான். விலை அதிகம் கிடைக்கும் என்று அண்ணன்மார் விற்கத் துணிந்தது தலைமடை வயல். களை எடுத்த கைக்குத் தெரிந்தது, கணக்குப் போட்ட கைக்குத் தெரியவில்லை. விற்பனை நிற்கவில்லை, விற்கும் வயல்தான் மாறியது.

ஒருவரை மதிக்கிறோம் என்பதற்கு அடையாளம் அவரை அழைத்து உட்கார வைப்பது என்று நினைக்கிறோம். மதிப்புக்கு அதைவிடக் கடினமான ஓர் அடையாளம் உண்டு. அவர் சொல்லும் ஒரு சொல்லால் நம் முடிவு மாறக்கூடுமா? மாறவே மாறாது என்றால், அவருக்கு நாற்காலி போட்டது வெறும் ஒப்புக்குத்தான். குழந்தையாயினும், முதியவளாயினும், மணமாகிப் போன மகளாயினும், மனிதருக்கு வேண்டியது வெற்றியை வாரி வழங்கும் இரக்கமன்று. வெல்லவும் தோற்கவும் இடம் தரும் நியாயம். அதற்காக வலுத்தவர்கள் சிறிது தூரம் நொண்டியடிக்க நேர்ந்தால், அதனால் ஆட்டம் கெட்டுவிடாது.